இடப்பக்கக் கதவு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க. எனக்கு எந்தப் பக்கம்னாலும் சரிதானுங்க. பஸ்ல ஏறியே பதினோரு வருசம் ஆச்சு. ரிட்டையர் ஆனதுல இருந்து கார்தான். சொந்தக் கார். இப்ப ரோட்டுல ஓடுதே, அந்த மாதிரித் தகரம் இல்லீங்க. மோரிஸ் மைனர். அம்பத்தொண்ணாம் வருச மாடல். ரெண்டே கதவு. எனக்குத் தெரிஞ்சு கோயமுத்தூர்ல அந்த மாடல் மூணு இருக்குது, அதுல ஒண்ணு வெறும் கூடு.

கார் வெச்சிருக்கறவன் எதுக்குப் பஸ்ல வர்றான்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, சரி. ஆனா மனசுல தோணுமில்லீங்களா. நீங்க எங்க எறங்கறீங்க? உடுமலையா? அப்பச் சரி, நேரம் இருக்குது. நான் அதுக்கு முன்னாடி கோமங்கலம். சொல்லிர்றேன். எல்லாம் ஒரு கதவால வந்ததுங்க.

இடப்பக்கக் கதவு. டிரைவர் பக்கம் இல்லை, அது அம்சமா இருக்குது. என் சம்சாரம் மரகதம் உட்காருவாளே, அந்தப் பக்கம். ரெண்டு கதவு வண்டிங்கறதால கதவு ஒவ்வொண்ணும் நல்ல நீளம், நல்ல கனம். அத்தனை கனமும் ரெண்டு கீல்ல தொங்குது. கொஞ்ச வருசமா அந்தக் கதவு எறங்கிப்போச்சு. மூடினா பூட்டுல போய் உட்காராது, டங்குனு இடிக்கும். தொறக்கறதுன்னா வெளிய இருந்து கைப்பிடியைத் திருகி, அப்படியே கதவை ஒரு விரக்கடை மேல தூக்கி இழுக்கோணும். அந்தப் பக்குவம் எனக்கு மட்டுந்தான் தெரியும். உள்ள இருந்து யாராலயும் தொறக்க முடியாது.

அதை நான் ஒரு கொறையா நெனைக்கலைங்க. சொல்லப்போனா மரியாதையா இருந்துச்சு. எங்க போனாலும் நான் எறங்கி, சுத்தி வந்து, கதவைத் தூக்கித் தொறந்து விடுவேன், மரகதம் எறங்குவா. சம்சாரத்துக்குக் கதவு தொறந்து விடற ஆம்பளை இந்தக் காலத்துல யாருங்கன்னு பாக்கறவங்க சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்குவேன்.

ஆனா பாருங்க, எங்களுக்குப் பழைய கார் வெச்சிருக்கறவங்க சங்கம் ஒண்ணு இருக்குது. தலைவர் பிரபாகர்னு ஒரு பல் டாக்டர். வருசா வருசம் தை மாசத்துல கண்காட்சி வெப்போம். போன வருசம் மொதப் பரிசு எனக்கு வந்திருக்கோணும். ரெண்டே மார்க்குல போச்சு. ரயில்வேல எஞ்சினியரா இருந்தவர்தான் ஜட்ஜ். இடப்பக்கக் கதவை நான்தான் தூக்கித் தொறந்து விட்டேன், அவர் சாத்திப் பாத்தார். டங். 'கதவு இறக்கம்'னு சீட்டுல எழுதிட்டார். ரெண்டு வார்த்தை. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலை.

நான் ஒரு ஸ்பின்னிங் மில்லுல லேபர் ஆபீசரா இருந்தவனுங்க. இருபத்தெட்டு வருசம். ஒரு தப்பு நடந்தா அதுக்கு ஒரு ஆள் இருக்கும், அந்த ஆளைக் கண்டுபிடிக்கற வரைக்கும் விடக்கூடாது. அதுதான் நம்ம தொழில். கதவு தானா எறங்காது. யாரோ எறக்கியிருக்காங்க. வீட்டுல இருக்கறது ரெண்டு பேர். நான் இல்லை. அப்ப யாரு?

மரகதத்துக்கு முட்டி வலி. எறங்கறப்பக் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிப்பா, நான் என் கண்ணால பாத்திருக்கேன். முறைப்படி ஒரு மெமோ எழுதிச் சாப்பாட்டு மேசையில வெச்சேன். சிரிக்காதீங்க, முறைன்னா முறை. 'கதவைப் பற்றி எழுந்த வகையில் வாகனத்துக்குச் சேதம் விளைவித்தது குறித்து விளக்கம் தரவும்.' அவ அதே தாள்ல கீழ பதில் எழுதி, மேல காப்பி டம்ளரை வெச்சிருந்தா. 'நான் காரில் ஏறுவது மாதம் இரண்டு முறை. நீங்கள் தினமும் நிற்கிறீர்கள்.'

ரெண்டாவது வரி எனக்குப் புரியலை. நிக்கறதுக்கும் கதவுக்கும் என்னங்க சம்பந்தம்? 'விளக்கம் திருப்திகரமாக இல்லை'ன்னு எழுதி ஃபைல்ல வெச்சுட்டேன்.

நான் நிக்கறது உண்மைதானுங்க. காலையில ஆறரைக்கு வண்டியைத் தொடைச்சு, உள்ள காத்தாடட்டும்னு இடப்பக்கக் கதவைத் தொறந்து வெப்பேன். கேட்டைப் பாத்த பக்கம் அதுதான். கதவு மேல முழங்கையை ஊனி, உடம்பைக் கொடுத்து நின்னா நெம்ப வசதி. வாக்கிங் போறவங்க, பால் வாங்கப் போறவங்க, நின்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. கேட்டா வண்டியோட சரித்திரத்தைச் சொல்லோணுமில்லீங்களா? வால்பாறையில எஸ்டேட் வெச்சிருந்த தொரை வாங்கினது, அவர்கிட்ட இருந்து கணக்குப்பிள்ளைக்குப் போனது, சுருக்கமாச் சொன்னாலே முக்கா மணி நேரம். இப்பெல்லாம் வாக்கிங் போறவங்க பின்னாடித் தெருவுல போறாங்க. அங்க நெழல் அதிகம் போல.

கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்களா? சரி.

ஆவணி மாசம் ஒரு கல்யாணம். மரகதத்தோட தம்பி கனகராசு, கோமங்கலத்துல தென்னந்தோப்பு வெச்சிருக்கான். அவனுக்கு ஒரே பொண்ணு, தாரணி. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. தாரணி ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் எங்க வீட்டுல இருந்துதான் படிச்சுது. ஏழு வருசம். சடை பின்னி விட்டது, காச்சல் வந்தாப் பக்கத்துல உட்கார்ந்தது, பரிச்சைக்குப் பாடம் கேட்டது, எல்லாம் மரகதம். அந்தப் பொண்ணுக்குப் பொள்ளாச்சியில கல்யாணம். 'தாலி கட்டறப்ப எம் பின்னால அத்தைதான் நிக்கோணும்'னு அது கண்டிசனாச் சொல்லிருச்சு. மரகதம் ஒரு மாசமா அதே பேச்சு. எந்தச் சேலை, எந்த வளையல், பூவை யாரு வாங்கறது, இதேதான்.

எட்டே முக்காலுக்கு மண்டபத்துக்குப் போயிட்டோம். நேரத்துக்குப் போறதுல எம்மேல யாரும் கொறை சொல்ல முடியாது. நான் எறங்கினேன். அவ பக்கம் சுத்தி வர்றதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் வந்து, 'இது அம்பத்திரண்டா, அம்பத்தொண்ணா?'ன்னார். எத்தனை பேருக்குங்க அந்த வித்தியாசம் தெரியும்? நான் பானெட்டைத் தூக்கிட்டேன். ஏழெட்டுப் பேர் சேந்துட்டாங்க. கார்புரேட்டர்ல ஆரம்பிச்சேன். பானெட் தூக்கி நின்னதால எனக்கு உள்ள இருக்கறவளைத் தெரியலை, அவளுக்கு என்னையத் தெரியலை. நடந்தது அவ்வளவுதானுங்க.

மரகதம் ஜன்னல் கண்ணாடியை எறக்கிட்டுக் கையை ஆட்டியிருக்கா. போறவங்க வர்றவங்க, பெரிய கார்ல உட்கார்ந்துட்டுக் கை காட்டறாங்கன்னு அவங்களும் சிரிச்சுக் கை காட்டிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் மட்டும் கைப்பிடியைத் திருகிப் பாத்திருக்கார். தூக்கத் தெரியலை, அதனால வரலை. அவர் எங்கிட்ட வந்து, 'உள்ள ஒரு அம்மா இருக்காங்க'ன்னார். 'ஆமாங்க, எஞ்சம்சாரம்'னேன். எனக்குத் தெரியாததா? 'எறங்கோணுமாம்'னார். 'ரெண்டே நிமிசம்'னேன். டைனமோ பத்திப் பாதியில நிக்குது, அதை அப்படியே விட முடியுங்களா?

அப்பறம் கெட்டி மேளம் கேட்டுச்சு. அடடா, தாலி கட்டறாங்கன்னு பானெட்டைச் சாத்திட்டு எல்லாரும் ஓடினோம். அட்சதை போடோணுமில்லீங்களா? போட்டுட்டு நிக்கறேன், கனகராசு மேடையில இருந்து கேக்கறான், 'மச்சான், அக்கா எங்க?' தாரணி தலையைத் திருப்பிப் பின்னால பாக்குது. அங்க யாரோ ஒரு சித்தி நின்னுட்டிருக்காங்க.

நான் போய்க் கதவைத் தூக்கித் தொறந்து விட்டேன். மரகதத்துக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்து, பட்டுச் சேலை முதுகுல ஒட்டிக் கெடந்துச்சு. கதவைத் தொடாமலே எறங்கினா. அதை நான் கவனிச்சேன். 'எம் பக்கம் நகந்து வந்து எறங்கியிருக்கலாமே, அம்மிணி'ன்னேன். 'கியர் ராடைத் தாண்ட முட்டி மடங்கோணுமுங்க'ன்னா. அழுகலை, சண்டை போடலை. பரவால்லை, பக்குவமா எடுத்துக்கிட்டாள்னு நானும் விட்டுட்டேன்.

சாயங்காலம் திரும்பறப்ப, 'நீங்க வண்டியில வாங்க, நான் பஸ்ல வர்றேன்'னா. சரி, கூட்டத்தோட வர ஆசைப்படறாள்னு நெனச்சேன். அடுத்த வாரம் மருதமலைக்கும் பஸ். அதுக்கடுத்து ஒரு காதுகுத்து, அதுக்கும் பஸ். நாலு மாசமுங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பறோம், நான் ஷெட்டுக்கு, அவ பஸ் ஸ்டாப்புக்கு. அவதான் மொதல்ல போய்ச் சேருவா. நான் பார்க்கிங்ல நாலு பேர்கிட்டப் பேசிட்டு வர வேண்டாமுங்களா? ஒரு தடவை அவ சாப்புட்டு எலையை மடிச்சதுக்கப்பறம் நான் போறேன். பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? அவளுக்கு அந்த யோசனையே இல்லை.

மார்கழியில சங்கத்துல இருந்து நோட்டீஸ் வந்துச்சு. இந்த வருசம் புதுசா ஒண்ணு: அந்தக் காலத்து உடுப்புல தம்பதியா வந்தா அஞ்சு மார்க்காம். நான் மரகதத்துகிட்ட, 'ஒரே ஒரு நாள், அம்மிணி'ன்னேன். அவ அரிசி பொறுக்கிட்டிருந்தா. நிமுந்து கூடப் பாக்கலை.

'கதவைச் சரி பண்ணுங்க. உள்ள இருந்து தொறக்கோணும். நான் சொல்ற ஆள்தான் பண்ணோணும்.'

சொன்ன ஆள் யாருன்னு நெனைக்கறீங்க? ஸ்டெல்லா. கணபதியில லேத் பட்டறை வெச்சு நடத்தற பொம்பளை. பஸ்ல பழக்கமாம். நாலு மாசத்துல மரகதத்துக்குப் பஸ்ல ஒரு ஊரே பழக்கமாயிருந்துச்சுங்க. எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஸ்கூட்டர்ல வந்துச்சு. வண்டியோட சரித்திரத்தைச் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், 'மொதல்ல கதவைப் பாத்துர்றனுங்க சார்'ன்னுச்சு. கதவைத் தொறந்து, நுனியைக் கையில பிடிச்சு, மேலயும் கீழயும் ஆட்டுச்சு. மேல் கீல் கடகடன்னு ஆடுது.

'கீல்ல இருக்கற பின் தேஞ்சு போச்சுங்க சார். இந்தப் பூட்டுத் தகட்டை யாரு இப்படி எறக்கி வெச்சது?'

'நான்தான். கதவு எறங்க எறங்க அதையும் ஒரு நூல் எறக்கி வெச்சுருவேன். மூடோணுமில்ல?'

'மூணு தடவை ஓட்டை போட்டிருக்கீங்க.'

'நாலு'ன்னேன். இந்த மாதிரி விசயத்துல நான் துல்லியமா இருப்பேன்.

'கோளாறு கீல்ல சார். நீங்க பூட்டைத் திருத்திட்டே இருந்திருக்கீங்க.'

மெக்கானிக்குங்க எப்பவும் மொதல்ல செஞ்சவனைக் கொறை சொல்லித்தான் வேலையை ஆரம்பிப்பாங்க. அப்பறம் அது கதவோட மேல் விளிம்பைத் தடவிப் பாத்துச்சு. அங்க ஒரு எடத்துல, ஒரு சாண் அகலத்துக்கு, பெயிண்ட் தேஞ்சு வழுவழுன்னு இருக்குது.

'இதுல தெனமும் யாரு சார் சாயறது? நல்ல உயரமான ஆள். எழுபத்தஞ்சு, எம்பது கிலோ இருப்பாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் சாஞ்ச தடம் இல்லை இது.'

மரகதம் மோர் டம்ளரோட நின்னுட்டிருந்தா. ஷெட்டுக் கூரையைப் பாத்தா. நான் உடனே யோசிச்சேன். பேப்பர் போடற ஆள் உயரந்தான், ஆனா ஒல்லி. எதுத்த வீட்டுப் பேங்க்காரர் கனம் இருக்கார், குட்டை. 'இருக்காதே, காலையில ஒம்பது மணி வரைக்கும் நானே இங்க நிக்கறேன், எனக்குத் தெரியாம யாரு வந்து சாய முடியும்?'னேன். ஸ்டெல்லா மரகதத்தைப் பாத்துச்சு. மரகதம் ஸ்டெல்லாவைப் பாத்தா. ரெண்டு பேரும் மோரைக் குடிச்சாங்க. யாரு சாஞ்சதுங்கறது இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புலப்படலைங்க. விசாரணை இன்னும் முடியலை.

வேலை சுத்தம், அதைச் சொல்லோணும். கதவுக்கு அடியில ஜாக்கி வெச்சு, கட்டையும் துணியும் குடுத்துத் தாங்கிட்டு, பழைய பின்னைத் தட்டி வெளிய எடுத்துச்சு. உள்ளங்கையில வெச்சுக் காட்டுச்சு. நடுவுல பாதி தேஞ்சு இடுப்பு விழுந்து கெடக்குது. 'கழட்டறப்பக் கதவைக் கொஞ்சம் பிடிங்க சார்'ன்னுச்சு. பிடிச்சேன். யப்பா, தோள் விட்டுப்போச்சுங்க. அஞ்சு நிமிசந்தான் பிடிச்சிருப்பேன். மரகதம், 'கனமா இருக்குங்களா?'ன்னு கேட்டா. அக்கறையாத்தான் கேட்டிருப்பா.

கீலை எடுத்துட்டுப் பட்டறைக்குப் போய், ஓட்டையைக் கடைஞ்சு, பித்தளை புஷ் போட்டு, புதுப் பின் ஏத்தி, மத்தியானம் கொண்டு வந்து மாட்டுச்சு. பூட்டுத் தகட்டைப் பழைய எடத்துக்கே ஏத்தி வெச்சுச்சு. என்னோட நாலு ஓட்டையையும் அடைச்சுருச்சு.

'ஒரு விரலால தள்ளுங்கக்கா.'

மரகதம் தள்ளினா. டுப். அவ்வளவுதான் சத்தம். அப்பறம் உள்ள ஏறி உட்கார்ந்து, சாத்தினா. உள்ள இருந்து தொறந்தா. மறுபடி சாத்தினா, மறுபடி தொறந்தா. 'கைப்பிடி ஒரிஜினல், மெதுவா'ன்னேன். 'எப்பத் தொறந்தாலும் தொறக்குமா?'ன்னு ஸ்டெல்லாவைக் கேட்டா. 'தொறக்குமுக்கா'ன்னுச்சு. மரகதம் கொஞ்ச நேரம் எறங்காம அப்படியே உட்கார்ந்திருந்தா. என்ன யோசிச்சாளோ. நான் அந்த நேரத்துல ரெண்டு மார்க்கைப் பத்தித்தான் யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமைதானுங்க கண்காட்சி. நான் கோட்டு, தலைப்பாகை. மரகதம் எங்க கல்யாணச் சேலை. பக்கத்துல உட்கார்ந்து வந்தா, நாலு மாசத்துக்கப்பறம். ஜட்ஜ் கதவைத் தொறந்தார், ஒரு விரல் வெச்சார், டுப். சீட்டுல என்னமோ எழுதினார், சிரிச்சார். மொதப் பரிசு. பிரபாகர் டாக்டர் மைக்குல, 'திரு சென்னியப்பன், திருமதி மரகதம் தம்பதியர்'னு கூப்புட்டார். 'நீங்க போங்க, வர்றேன்'னா. போனேன். ரெண்டு வார்த்தை பேசுங்கன்னார் டாக்டர். மைக்கைக் குடுத்தா, சரித்திரத்தைச் சொல்லாம எறங்கறது மரியாதையா இருக்குமுங்களா?

மேடையில இருந்து வண்டி தெரியுது. பேசிட்டே பாக்கறேன், இடப்பக்கக் கதவு தொறக்குது. உள்ள இருந்து. மரகதம் எறங்கறா, கதவைச் சாத்தறா. சத்தமே இல்லை. மேடைக்குத்தான் வர்றாள்னு நெனச்சேன். கேட்டைப் பாத்து நடந்தா. நான் மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கறேன், எஸ்டேட் தொரை கணக்குப்பிள்ளைகிட்டச் சாவியைக் குடுக்கற எடத்துல நிக்கறார். பாதியில விட்டுட்டு ஓட முடியுங்களா? முடிச்சுட்டு எறங்கறேன், கனகராசுகிட்ட இருந்து போன். 'அக்கா பஸ் ஏறிட்டாளாம் மச்சான், இங்க வர்றாளாம். தாரணியும் வந்திருக்குது.' அவ்வளவுதான் சொன்னான். தம்பதின்னு பேர் போட்ட போட்டோவுல நான் தனியா நிக்கறேன்.

மூணு நாள் நான் கூப்புடலை. தப்பு அவ மேல, அவதான் கூப்புடோணும். நேத்து நானே கூப்புட்டேன், டீத்தூள் டப்பா எங்கன்னு கேக்க வேண்டியிருந்துச்சு. சொன்னா. சொல்லிட்டு, 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்'னா.

'அன்னைக்குக் காருக்குள்ள இருந்து உங்களைக் கூப்புட்டேன். காதுல விழுந்துச்சுங்களா?'

நான் உண்மையைச் சொல்றவனுங்க. விழுந்துச்சுன்னேன். 'ஏனுங்க, ஏனுங்கன்னு சத்தம் கேட்டுச்சு. கல்யாண மண்டபம், முந்நூறு பொம்பளைங்க. அத்தனை பேரும் புருசனை ஏனுங்கன்னுதான் கூப்புடுவாங்க. எவளோ எவனையோ கூப்புடறாள்னு நெனச்சேன். நான் எப்படித் திரும்பறது?'

லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். இல்லை.

'நாப்பத்தொரு வருசமா நான் அப்படித்தானுங்க கூப்புடறேன்.'

'அதைத்தான் நானும் சொல்றேன், அம்மிணி.'

அதுக்கு அவ, 'நாளைக்கு வாங்க. பஸ்ல வாங்க. வண்டியை எடுத்துட்டு வராதீங்க. ஸ்டாப்புல வந்து நிக்கறேன்'னு சொல்லி வெச்சுட்டா.

அதான் வந்திருக்கேன். வெறுங்கையோட வரலைங்க. நடந்தது என்னன்னு ஏழு பாயிண்ட் எழுதிக் கொண்டாந்திருக்கேன். நேர்ல படிச்சுக் காட்டினா அவளுக்கே வெளங்கிரும். மொதப் பாயிண்ட், முகூர்த்தம் பத்தரை வரைக்கும்னு பத்திரிகையில போட்டுட்டு ஒம்பதரைக்கே தாலி கட்டினது மண்டபத்துக்காரங்க தப்பு. ரெண்டாவது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டாருங்கறப்ப நான் பதில் சொல்லலைன்னா அது நம்ம பொண்ணுக்குத்தான் கெட்ட பேர். மூணாவது...

என்னங்க? தோளைத் தட்டறீங்க? ஸ்டாப்பா? எந்த ஸ்டாப்பு?

ஆமா, பச்சைச் சேலை, கொடை பிடிச்சுட்டு நிக்கறாளே, அது மரகதந்தான். கூப்புட்டாங்களா? எப்ப? மூணு தடவை ஏனுங்கன்னு கூப்புட்டாங்களா? உங்களுக்குக் கேட்டுச்சா? அப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்களா. பஸ் எடுத்துட்டானே.

சென்னியப்பன்னு கூப்புடறது அவளா? பேர் சொல்லி? ரோட்டுல நின்னுட்டு, அத்தனை பேர் பாக்க? நாப்பத்தொரு வருசத்துல அவ வாயில அந்தப் பேர் வந்ததில்லீங்க. பாருங்க, மறுபடியும்.

கண்டக்டர், நிறுத்துங்க. நிக்கறவங்க கொஞ்சம் வழி விடுங்க சாமி. நான் எறங்கோணும். என்னையத்தான் கூப்புடறாங்க.